அப்பா படத்துக்குக் கீழே ஒரு பேய்ப்படம்

சாவு விழுந்த வீட்டில் பேய்ப்படம் போடலாமா கூடாதா என்பதில் எங்கள் குடும்பம் இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை. கூடாது என்று அடித்துச் சொல்பவர் காவேரிப்பட்டணத்துச் சித்தி. போடலாம், போடத்தான் வேண்டும் என்பது என் கட்சி. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவிக்கு நேர் மேலே அப்பாவின் படம் மாட்டியிருக்கிறது. ரேஷன் கார்டுக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கி, சட்டைக்கு நிறம் கொடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டது. அதன் அடியில் ஒரு சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு இரவும் பகலும் எரியும். டிவி பார்க்கிற யாரும் அப்பாவையும் பார்த்தாக வேண்டும். சீரியலோ கிரிக்கெட்டோ ஓடும்போது அது ஒரு விஷயமாகவே தோன்றாது. பேய்ப்படம் ஓடும்போதுதான் எல்லோருடைய கண்ணும் ஒரு தடவை மேலே போய்விட்டு வரும்.

சித்தியின் பேச்சை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. சிவராத்திரி முடிந்த அமாவாசையில் காவேரிப்பட்டணத்தில் மயானக் கொள்ளை நடக்கும். காளி வேஷம் கட்டியவர்கள் ஆவேசத்தோடு முன்னால் ஆடிப்போக, அங்காளம்மன் சுடுகாட்டுக்குப் புறப்படுவாள். அங்கே இறைக்கிற தானியத்தில் ஒரு பிடியாவது முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவராமல் சித்தி இருந்ததில்லை. நிலத்தில் தூவினால் விளையும், பிள்ளைகள் தலைமாட்டில் வைத்தால் நோய் அண்டாது என்பார். சுடுகாட்டில் எடுத்ததை மடியில் கட்டிக்கொண்டு வரலாம், டிவியில் ஒரு பேய் வரக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன். "அங்க அம்மா கூட இருக்கா பாப்பா. இங்க உங்கூட யாரு இருக்கா?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கேள்வி வெகுநாள் மனசுக்குள்ளேயே கிடந்தது.

டெக் எடுத்த இரவுகள்

எனக்குப் பேய்ப்படத்தில் ருசி ஏற்றியவரே அப்பாதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தெருவில் நாலு வீட்டார் காசு போட்டு, டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, எங்கள் வீட்டு வாசலில் வைத்து விடிய விடியப் படம் பார்ப்பார்கள். முதல் கேசட் சாமிப்படம், அடுத்தது சண்டைப்படம், கடைசியில் பேய்ப்படம். அதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடும் என்பது பெரியவர்களின் கணக்கு. நான் தூங்க மாட்டேன். பேய் வரப்போகிற இடம் அப்பாவுக்கு எப்படியோ முன்கூட்டியே தெரியும். இசை கொஞ்சம் மாறினதுமே பின்னாலிருந்து இரண்டு கையாலும் என் காதைப் பொத்திவிடுவார். மற்ற வீடுகளில் பிள்ளைகளின் கண்ணைப் பொத்துவார்கள். "கண்ண மூடுனா மனசு அதவிடப் பெருசா வரைஞ்சிக்கும். காத மூடிக்கிட்டுப் பாரு, பொம்மலாட்டம் மாதிரி இருக்கும்" என்பார். அப்படித்தான் இருந்தது. வாயைத் திறந்து வருகிற வெள்ளைச்சேலை சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போகும்.

அவர் எங்கேயும் படித்துச் சொன்னதல்ல அது. ஆனால் 1978இல் ஜான் கார்பென்டர் எடுத்த 'ஹாலோவீன்' படத்தைப் பற்றிப் படித்தபோது அவர் நினைவுதான் வந்தது. மிகக் குறைந்த செலவில் எடுத்த படம். கொலைகாரனின் முகமூடிகூடக் கடையில் வாங்கிய ஒரு டிவி தொடர் நாயகனின் முகமூடிதான், வெள்ளை அடித்து மாற்றியிருந்தார்கள். வசந்தத்தில் படம் பிடித்ததால் இலையுதிர் காலத்துக்காக இலைகளுக்கு வண்ணம் பூசி, கொட்டி, கூட்டி அள்ளி, மறுபடி கொட்டினார்களாம். இசை சேர்க்காத நிலையில் அந்தப் படத்தைப் பார்த்த ஒரு ஸ்டுடியோ அதிகாரிக்குக் கொஞ்சம்கூடப் பயம் வரவில்லை. அதன் பிறகு கார்பென்டர் தானே உட்கார்ந்து போட்ட பியானோ இசைதான், அந்தப் படத்தைப் பார்க்காதவர்களுக்கும் இன்று தெரிகிற இசை. பயம் காது வழியாகத்தான் நுழைகிறது என்று எங்கள் வாசலில் கைலி கட்டி உட்கார்ந்திருந்த ஒரு மனிதருக்கும் தெரிந்திருந்தது.

டெக் இரவுகளில் இன்னொன்றும் இருந்தது. படம் முடிந்ததும் யாரும் எழுந்து போக மாட்டார்கள். கொல்லைக்குப் போக வேண்டியவர்கள் துணைக்கு ஆள் கேட்பார்கள், அப்படியே பேச்சு ஆரம்பித்துவிடும். யார் வீட்டுக் கிணற்றில் யார் விழுந்தார்கள், அணைக்குப் போகிற பாதையில் எந்தப் புளியமரத்துக்கு ஆணி அடித்திருக்கிறார்கள், பிரசவத்தில் போன பெரியம்மா யார் கனவில் வந்து என்ன கேட்டாள். செத்தவர்களைப் பற்றி எங்கள் தெரு மனம்விட்டுப் பேசியது அந்த நேரத்தில்தான் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு கேபிள் வந்தது, அதன் பிறகு போன் வந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு போர்வைக்குள் தனியாகப் பார்க்கிற பழக்கம் எனக்கும் வந்தது. படத்தின் சத்தம் நேராக மண்டைக்குள் இறங்கும். காதைப் பொத்த ஆளில்லை. முடிந்ததும் பேசவும் ஆளில்லை.

பெங்களூரிலிருந்து வந்த அக்டோபர்

என்னை மறுபடி கூடத்துக்கு இழுத்து வந்தவள் அண்ணன் மகள். அண்ணன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அவர்கள் அடுக்ககத்தில் அக்டோபர் கடைசியில் ஹாலோவீன் என்று பிள்ளைகள் முகத்தில் மை தீட்டி, எலும்புக்கூடு சட்டை போட்டு, வீடு வீடாக மணி அடித்துச் சாக்லேட் வாங்குகிறார்கள். அந்தப் பழக்கத்தின் மிச்சமாக, இங்கே வந்தாலும் அந்த மாதம் ஒரு பேய்ப்படமாவது எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பாள். வெளிநாட்டுக் கூத்து நமக்கு எதற்கு என்று உறவில் சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அதில் சண்டை இல்லை. ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் போனைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாரும் வாங்க, ஒண்ணா உக்காரலாம்" என்று கூப்பிட்டால் அது எந்த நாட்டிலிருந்து வந்தால் என்ன?

அவளுக்காகத் தேடிப் படித்தபோதுதான் அந்த நாளின் பழைய கதை தெரிந்தது. அயர்லாந்தில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்த இரவில் செத்தவர்கள் தங்கள் வீட்டுக்குத் திரும்பி வருவார்கள் என்று நம்பினார்கள். அவர்களுக்காக அடுப்பில் தணல் விட்டு வைப்பார்கள், சாப்பாடு எடுத்து வைப்பார்கள். டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள், அமெரிக்காவுக்குப் போன பிறகு அது பூசணியானது. நவம்பர் 2ஆம் தேதி எங்கள் பக்கத்து எலத்தகிரியில் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்றுவார்களே, அதுவும் இந்த இரவோடு ஒட்டி வருகிற நாள்தான். மெக்சிகோவில் அதே நாளில் இறந்தவர்களுக்குப் படையல் போட்டுச் செண்டுமல்லியால் அலங்கரிப்பார்கள். ராயக்கோட்டைப் பக்கம் ஏக்கர் ஏக்கராகப் பூக்கிற செண்டுமல்லியின் பூர்வீகம் மெக்சிகோ. நம் அப்பாக்களின் படத்துக்கு மாலையாகிற அதே பூ.

ஆக, அது விருந்து வைக்கிற நாள். சினிமா கையில் எடுத்தபோது விருந்து போய்விட்டது, முற்றுகை மட்டும் மிஞ்சியது. கதவைத் தட்டுகிறவர் வீட்டு மனிதராகவும் இருக்கலாம் என்ற எண்ணமே இல்லாமல், எல்லோரும் பலகை வைத்து அடித்துக் கதவை அடைக்கிறார்கள். பேய்ப்படத்தின் மேல் எனக்கு ஒரு குறை உண்டென்றால் அது இதுதான்.

2024, அக்டோபர் 31

அந்த வருடம் தீபாவளியும் அக்டோபர் 31ஆம் தேதியே வந்தது. அமாவாசை பிற்பகலில்தான் பிறந்தது. விளக்கு வைத்த பிறகு அப்பாவுக்குப் படைத்தோம். எங்கள் பக்கம் பெரியவர்களுக்குத் துணி வைத்துக் கும்பிடுவது வழக்கம். அம்மா புது வேட்டி, துண்டு, உளுந்துவடை, அதிரசம், அவர் விடாமல் போட்ட வெற்றிலை எல்லாம் வைத்தார். அந்த வேட்டியை வாங்குவதில் அம்மா யாரையும் தலையிட விட மாட்டார். கடைக்குப் போய்த் தொட்டுப் பார்த்து, கரை பார்த்து, தானே வாங்க வேண்டும். அதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா போனது 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீட்டுக்கு வரவில்லை. வண்டி எங்கள் தெரு வழியாகக்கூடப் போகவில்லை. குளிப்பாட்டவில்லை, கோடி போடவில்லை, வாய்க்கரிசி இல்லை, பம்பை இல்லை. கவச உடை போட்டுக்கொண்டு அண்ணன் ஒருவன்தான் சுடுகாட்டில் நின்றான். சாம்பலைத் தென்பெண்ணையில் கரைத்தோம். அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது. அண்ணன் மகள் அப்போது சின்னப் பிள்ளை. தாத்தா சாமிகிட்ட போயிட்டார் என்பதோடு நிறுத்தியிருந்தோம்.

படையல் சாப்பாடு முடிந்ததும் அவள் தொடங்கினாள். இன்றைக்கு ஹாலோவீன், பார்த்தே ஆக வேண்டும். அவள் எடுத்தது ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்'. 1968இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். வெளியிடும் நேரத்தில் தலைப்பை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பை விட்டுவிட்டார்கள். அதனால் அமெரிக்காவில் அது பொதுச்சொத்தாகிவிட்டது, இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ரத்தம் எல்லாம் சாக்லேட் பாகு என்று அவள் ஆயாவுக்கு முன்கூட்டியே தைரியம் சொன்னாள். கூடத்து லைட்டை அணைத்தாள். சாமி அறைக் கதவைச் சாத்தினாள். பிறகு மேலே பார்த்து, "ஆயா, அந்தச் செவப்பு லைட்டு?" என்றாள். நானும் அண்ணனும் அம்மாவைப் பார்த்தோம். "அது எரியட்டும் கண்ணு. அவரும் பாக்கட்டும்" என்று சொல்லி அம்மா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். அதுவரை பேய்ப்படம் என்றாலே எழுந்து உள்ளே போய்விடுகிற அம்மா.

படம் தொடங்குவது ஒரு கல்லறைத் தோட்டத்தில். அம்மா சொன்னதற்காக அப்பாவின் கல்லறைக்கு மாலை வைக்க, ஓர் அண்ணனும் தங்கையும் வெகுதூரம் காரில் வந்திருக்கிறார்கள். அண்ணன்காரன் சலித்துக்கொள்கிறான். அப்பா முகமே எனக்கு ஞாபகமில்லை என்கிறான். நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் பக்கத்தில் என் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தது தெரிந்தது. பெங்களூரிலிருந்து தீபாவளி நெரிசலில், அத்திப்பள்ளியைத் தாண்ட முடியாமல் ஊர்ந்து ஊர்ந்து, அப்பா படையலுக்கு வந்து சேர்ந்தவன் அவன். சில நிமிடங்களில் படத்தில் அந்த அண்ணன் செத்துப்போகிறான். தங்கை ஓடிப்போய் ஒரு தனி வீட்டில் ஒளிகிறாள், இன்னும் சிலர் அங்கே வந்து சேர்கிறார்கள், வெளியே செத்தவர்களின் கூட்டம் சேர்கிறது. எங்கள் தெருவிலோ வெடி ஓயவில்லை. அரசு கொடுத்த நேரம் இரவு ஏழிலிருந்து எட்டு, பத்து மணிக்கும் லட்சுமி வெடி வெடித்தது. படத்தில் அமைதியான இடத்தில் எல்லாம் நாங்கள் தூக்கிவாரிப் போட்டு, பயப்பட வேண்டிய இடத்தில் சும்மா இருந்தோம்.

அந்த வீட்டுக்குள் ஒரு டிவி கிடைக்கிறது. உயிரோடு இருப்பவர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து செய்தி கேட்கிறார்கள். படத்தில் சில பேர் பயந்துபோய் ஒரு டிவியைப் பார்க்க, அவர்களை நாங்கள் எங்கள் டிவியில் பார்க்கிறோம். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அண்ணன் மகள் வரிவரியாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். "செத்தவங்கள வீட்ல வச்சிக்கக் கூடாதாம் ஆயா. உடனே ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போயி எரிச்சிடணுமாம். சடங்கு, ஆறுதல் அதெல்லாம் இப்ப கிடையாதாம். அவங்க வெறும் ஒடம்புதானாம்."

அண்ணன் எழுந்து மாடிக்குப் போய்விட்டான். செருப்புகூடப் போடவில்லை.

அம்மா கொஞ்ச நேரம் டிவியையே பார்த்தார். பிறகு, "நமக்கும் அப்பிடித்தானே சொன்னாங்க" என்றார்.

அண்ணன் மகளுக்குப் புரியவில்லை. என்ன சொன்னாங்க, யார் சொன்னாங்க என்று கேட்டாள். அம்மா படத்தை நிறுத்தச் சொன்னார். செய்தி வாசிக்கிறவர் வாயைப் பாதி திறந்தபடி திரையில் நிற்க, அதற்கு மேலே சிவப்பு வெளிச்சத்தில் அப்பா இருக்க, அம்மா தன் பேத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே எவ்வளவு நேரம் நின்றார், சுற்றிக் கட்டியதில் முகம் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் எதைப் பார்த்துக் கும்பிட்டார், வீட்டுக்கு வந்தால் துக்கம் விசாரிக்க ஒருவரும் வராமல் தெருவே கதவைச் சாத்திக்கொண்டதை. யார்மேலும் கோபமாகச் சொல்லவில்லை. "அவங்களுக்கும் பயம்தானே" என்றார். நானே கேட்டிராத விஷயங்கள் அதில் இருந்தன. அப்பாவின் வெற்றிலைப் பெட்டியை அன்று அம்மா கையில் கொண்டுபோயிருந்தாராம், கூட வைத்து அனுப்ப. வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்காமல் திரும்பக் கொண்டுவந்தாராம்.

பேயிடம் பேர் கேட்பது

ஏன் அன்றைக்கு, ஏன் அந்தப் படத்தில்? அதற்கு முன் வந்த தீபாவளிகளிலும் அதே படையல், அதே வேட்டி. ஆனாலும் அம்மா வாய் திறந்ததில்லை. உளவியலாளர் டால்ஃப் ஜில்மன் ஒன்று சொல்லியிருக்கிறார்: பயத்தில் ஏறிய படபடப்பு உடனே அடங்காது, அடுத்து வருகிற உணர்ச்சி எதுவானாலும் அதன்மேல் ஏறி அதைப் பெரிதாக்கும். டெக் இரவுகளில் படம் முடிந்ததும் தெருவே பேச ஆரம்பித்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். 2021இல் வந்த ஓர் ஆய்வில், பேய்ப்பட ரசிகர்கள் பெருந்தொற்றுக் காலத்தில் மற்றவர்களைவிட மன உளைச்சல் குறைவாக இருந்தார்கள் என்று கண்டிருந்தார்கள், பயந்து பழகியவர்கள் என்பதால் இருக்கலாம். எனக்கு இதைவிட எளிமையான காரணம்தான் படுகிறது. நடந்ததைச் சொல்ல அம்மாவிடம் ஓர் உருவம் இல்லாமல் இருந்தது. சாவு வீட்டு ஒப்பாரியில் வைத்துப் பாட வேண்டியது, ஒப்பாரியே நடக்காததால் உள்ளேயே நின்றுவிட்டது. ஐம்பது வருடத்துக்கு மேல் பழைய ஓர் அமெரிக்கப் பேய்ப்படம் அந்தக் காட்சியை அச்சாக எடுத்து வைத்திருந்தது. தனக்கு நடந்ததைத் தனக்கு வெளியே, ஒரு சட்டத்துக்குள், நிறுத்தி வைத்து அம்மாவால் பார்க்க முடிந்தது.

"மிச்சத்தையும் போடு கண்ணு, அந்த ஆளுக்கு என்ன ஆச்சுன்னு பாத்துடலாம்" என்றார் அம்மா. அந்த ஆள் என்றது பென் என்ற கறுப்பின இளைஞனை. அந்த வீட்டில் பலகை அடித்து, மற்றவர்களைக் காப்பாற்றப் போராடுகிறவன். செத்துப்போன அண்ணன் கூட்டத்தோடு திரும்பி வந்து தங்கையை வெளியே இழுத்துக்கொண்டு போகிற இடத்தில் நான் மாடிப்படியைப் பார்த்தேன். அம்மா திரையைவிட்டுக் கண் எடுக்கவில்லை. விடிகிறது. உதவிக்கு வந்தவர்கள் ஜன்னலில் பென்னைப் பார்த்து, அவனும் பிணம்தான் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறார்கள். கொக்கியில் மாட்டி இழுத்துப்போய் மற்ற பிணங்களோடு நெருப்பில் போடுகிறார்கள். "ராத்திரி பூரா தாக்குப் பிடிச்சவன. பேருகூட யாரும் கேக்கலியே" என்றார் அம்மா.

நம் ஊர்ப் பேய்ப்படங்களைக் கேலி செய்கிறவர்கள் முதலில் சொல்வது அந்த ஃபிளாஷ்பேக்கைத்தான். இடைவேளை முடிந்தால் போதும், பேய் யார், எந்த ஊர், யார் கொன்றார்கள், ஏன் கொன்றார்கள் என்று அரை மணி நேரம் கதை ஓடும், பயம் எல்லாம் வடிந்துவிடும் என்பார்கள். வடியட்டுமே. பேய் பிடித்தவரை உட்கார வைத்துப் பூசாரி முதலில் கேட்பது அதைத்தானே? நீ யாரு, எந்த ஊரு, என்ன வேணும். அதைக் கேட்காமல் எந்தப் பூசாரியும் வேப்பிலையைக் கையில் எடுப்பதில்லை. நம் படங்களில் பேய்க்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு வீடு இருக்கிறது, தீராத ஒரு குறை இருக்கிறது. அது தீர்ந்தால் அதுவே கிளம்பிப் போய்விடுகிறது. ரொமேரோவின் கூட்டத்துக்கு அது எதுவும் இல்லை என்பதுதான் அந்தப் படத்தின் கொடுமையும் பலமும். 2021 மே மாதத்தில் நாமும் அப்படி ஒரு கூட்டமாக, எண்ணிக்கையாக, நம் மனிதர்களைக் கொடுத்துவிட்டு வந்தோம். அதைச் சரியாகக் காட்டிய படமாக எனக்குத் தெரிந்தது அந்தக் கறுப்பு வெள்ளைப் படம்தான். ஃபிளாஷ்பேக் வைக்கிற நம் படங்கள் அதற்கு மருந்து. இரண்டும் வேண்டும் என்றுதான் சொல்வேன், இரண்டையும் பத்துப் பேராக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றும்.

சித்தியிடம் அந்த இரவைப் பற்றி முழுக்கச் சொன்னேன். அவர் தன் கட்சியை விடவில்லை, அமாவாசை அன்றைக்குப் போட்டது தப்புதான் என்றார். ஆனால் வெற்றிலைப் பெட்டி எங்கே என்று கேட்டார். அடுத்த அமாவாசைக்கு வந்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய், அதை வெற்றிலையும் பாக்குமாக நிரப்பி, சாம்பல் கரைத்த அதே துறையில் தென்பெண்ணையில் விட்டுவிட்டு வந்தார்கள்.

2025இல் தீபாவளி அக்டோபர் 20ஆம் தேதியே போய்விட்டது. 31ஆம் தேதி வெள்ளிக்கிழமை, அண்ணன் மகள் பள்ளிக்கூடம் முடிந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். இந்த முறை படம் தமிழாக இருக்க வேண்டும், கடைசியில் பேய்க்கு என்ன ஆனது என்று தெரிய வேண்டும், பாதியில் யாரும் தூங்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். அவளைக் கூட்டிப்போக மறுநாள் வர வேண்டிய அண்ணன், அன்றைக்கு இரவே காரை எடுத்துக்கொண்டு வந்து, இடைவேளைக்கு அப்புறமாவது பார்க்கிறேன் என்று கூடத்தில் உட்கார்ந்தான்.